இருநூறு அடியில் ஒரு மணிக்கட்டு

அவள் பிறந்தவுடன் டாக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாராம். இவள் திருப்பித் தட்டியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டதாம். அன்று விழுந்த பேர்தான் சுத்தியல். வீட்டில் துணி துவைக்கும் மெஷின் அவள் உதைத்தால்தான் ஓடும். "என்னை யாரும் மிரட்டிக் கட்டிக்கலை" என்பார் கணவர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்னவோ பூப்போன்றது. விமானிகள் பழகும் சிமுலேட்டரில், ஆட்டோபைலட் விமானத்தை ஆடாமல் அசங்காமல் தானாகவே தரையிறக்கும்படி கணக்குகளைச் சீர்செய்து வைக்க வேண்டும். ஆறு இரும்புக் கால்கள் மேல் நிற்கும் அந்தக் கூண்டு லேசுப்பட்டதல்ல. திரையில் விமானம் விழுந்தால், உள்ளே இருப்பவர்களை நிஜமாகவே தூக்கிப் போட்டு மிதிக்கும்.

அன்று பரிசோதிக்க வந்தவர் முப்பது வருஷம் விமானம் ஓட்டிய பெரிய கேப்டன். பக்கத்துச் சீட்டில் இவள். பலத்த பக்கக் காற்றை வைத்து இரண்டு முறை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் இருநூறு அடி வரை சமர்த்தாக வந்த விமானம், திடீரென்று வெறிபிடித்து இடமும் வலமும் ஆடி, மூக்கு குத்தித் தரையில் மோதியது. முதல் மோதலில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதில் கேப்டனின் நெற்றி புடைத்தது.

"உன் கணக்கே குப்பைம்மா. மூணாவதும் விழுந்துச்சுன்னா ஃபெயில்னு எழுதிடுவேன். நாளையிலேர்ந்து நீ வீட்லயே இருக்கலாம்."

அவள் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிவிட்டுத் திரையில் பழைய பதிவைப் பார்த்தாள். இரண்டு முறையும், சரியாக இருநூறு அடியில், கேப்டன் பக்கத்து ஸ்டியரிங் நாலு கிலோ எடைக்கு இழுபட்டிருந்தது.

"சார், நீங்கதான் பிடிச்சு இழுக்கிறீங்க. அது ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு இழுத்தா விமானம் பாவம் என்ன பண்ணும்?"

"நானா? நான் தொடவே இல்ல!"

பொய்யில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில், கை அவரைக் கேட்காமலே போய்வந்தது.

மூன்றாவது முறை. ஐந்நூறு அடி. முந்நூறு. காற்று கூண்டைப் பளார் பளாரென்று அறைந்தது. இருநூறில் கேப்டனின் வலது கை நீண்டது. இவள் பெல்ட்டை அவிழ்த்துப் பாய்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, சீட்டோடு அழுத்தி, மேலே முழங்காலை ஏற்றினாள். இடது கை வந்தது. அதற்குப் பல் இருக்கவே இருக்கிறது.

"விடு! விடுடி! செத்துருவோம்!"

கடித்த கையை வாயிலிருந்து விட்டுச் சொன்னாள்: "இதுல விழுந்து யாரும் சாகமாட்டாங்க சார். கை அங்க போச்சுன்னா நான்தான் கொல்லுவேன்."

ஸ்டியரிங் தன்பாட்டுக்கு இப்படி ஒரு விரற்கடை, அப்படி ஒரு விரற்கடை அசைந்தது. ஓடுபாதையின் நடுக்கோடு மூக்குக்கு நேராகவே நின்றது. சக்கரங்கள் தரையைத் தொட்ட சத்தம் கேப்டனின் அலறலில் கேட்கவே இல்லை.

வலது மணிக்கட்டு பன்போல் வீங்கியிருந்ததால், பல் பதிந்த இடது கையால்தான் படிவத்தை நிரப்பினார். 'தேறியது' என்று கோணல்மாணலாக எழுதினார். கீழே, 'விமானி தலையிட்டாரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு எழுதினார்:

'முடியவில்லை.'