பதினாறு கோரும் ஒரு பீலியும்

கம்பியூட்டரின் மூளைக்குள் வேலை செய்யும் கைகள்தான் கோர்; சுதேஷுக்கு அது பதினாறு வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். கண்டி நகரில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். அவனுக்கும் வந்தது.

"கூடக் கேட்டா குறைச்சுத் தர்ற வியாபாரிய இப்பதான் பாக்குறேன், ஸாகி நானா" என்று சிரித்தான்.

"ஒரு ரொட்டிக் கல்லச் சுத்திப் பதினாறு பேர் நிண்டா ரொட்டி சுருக்கா வேகுமா? சில வேலைய ஒரு கோர்தான் செய்யும். மத்தது பாத்துக்கிட்டு இரிக்கும்" என்றேன்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். கேட்டபடியே பூட்டிக் கொடுத்தேன்.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது அவன் தொழில். வத்தேகமவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். கல்யாண வீடுகளில் கமராக்காரருக்கு லைட் பிடித்துப் பிடித்தே வேலை பழகியவன். மலைச்சரிவை வெட்டிய இடத்தில் இரண்டு அறை வீடு கட்டி, பின் அறையில் கம்பியூட்டரை வைத்தான். அந்த அறைச் சுவருக்கு அப்பால் மலை ஊற்றுத் தண்ணீர் பீலிக் குழாய் வழியே கொட்டிக்கொண்டே இருக்கும். குடிக்க, குளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

நியாயமாகச் சொன்னால் பாதி வேலைக்கு அந்தப் பதினாறும் உதவின. முடிந்த வீடியோவை வெளியே எடுக்கும்போது எல்லாம் சேர்ந்து இழுக்கும். முன்பு ஒரு பகல் முழுக்கப் போன வேலை சோறு உண்பதற்குள் முடிந்துவிடும். அப்போது அதன் ஃபேன், ஏற்றத்தில் திணறும் பழைய பஸ்போலக் கத்தும்.

"அது கத்துற நேரத்துல பிள்ள அழுதாக்கூட கேக்குறதில்ல நானா" என்று அவன் மனைவி நிஷாந்தினி ஒருநாள் என்னிடம் குறைப்பட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

அந்தக் கிழமை மழை விடவேயில்லை. பேராதனைப் பக்கம் ஆறு கரையை நக்கிக்கொண்டு ஓடியது. சுதேஷின் அயலவர்கள் மண்சரிவு எச்சரிக்கை கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரு கல்யாண மாப்பிள்ளை வெளிநாடு போகுமுன் அவருடைய வீடியோவைக் கொடுத்தாக வேண்டும் என்று இவன் மட்டும் தங்கிவிட்டான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

பின்னேரம் மழை தூறலாகக் குறைந்த நேரத்தில் சுதேஷ் ஃபோனில் கோல் எடுத்தான். "நானா, ஆடுற படத்த நேராக்க விட்டிருக்கேன். ஸ்கிரீன்ல கோர் காட்டுற பதினாறு கட்டத்துல ஒன்னுதான் நெறஞ்சிருக்கு, மத்ததெல்லாம் தூங்குது. ஃபேன்கூட சத்தமில்ல. ஏதாச்சும் செய்யலாமா?"

செய்யலாம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அத்தனை கோரும் எழுந்து வேலை செய்யும். அது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எனக்கென்று ஒரு குணம் இருக்கிறது: நான் சொன்னது பலித்தால், அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

"நான் அண்டைக்கே சொன்ன தானே? ரொட்டிக் கல்லுக் கதை ஞாபகம் இரிக்கா?" என்று தொடங்கி நீட்டி முழக்கினேன். அவனும் பாவம், ம் கொட்டிக்கொண்டிருந்தான்.

இடையில் நிஷாந்தினியின் குரல் கேட்டது. "என்னங்க, பீலியில தண்ணி சத்தமே கேக்கலியே?"

"எல தழ அடச்சிருக்கும்."

"இல்லங்க, காலையில செம்மண்ணாக் கொட்டுச்சு. இப்ப ஒரு சொட்டு இல்ல."

மலைநாட்டானுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடைமழையில் ஊற்று நின்றுபோனால் தண்ணீர் மலைக்குள்ளேயே கட்டி நிற்கிறது, எந்த நேரமும் மண் சரியும் என்று அர்த்தம்.

"சுதேஷ், மெஷின விடு! பிள்ளையத் தூக்கிட்டு வெளியால போ!" என்று கத்தினேன்.

"இன்னும் கொஞ்சந்தான் நானா, முடிஞ்சிரும்..."

"பாப்பாவ நான் தூக்கிட்டேன். நீங்க வர்றீங்களா, இல்லியா?" நிஷாந்தினி அலறினாள்.

அவன் எழும்பக் கதிரை இழுபட்டது. அதன்பின் எங்கேயோ மரம் முறிவதுபோல ஒரு சத்தம். கோல் அறுந்தது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அந்தி மஃரிப் தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. தொழுதுவிட்டு வெளியே வந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தது.

"பள்ளிக்கூடத்துல இருக்கோம், நானா. மூணு பேரும் இருக்கோம்." பிறகு சுதேஷ் சொன்னான்: "வீட்டக் காணோம்."

இப்போது கண்டி நகருக்குள் மஹய்யாவவில் வாடகைக்கு இருக்கிறான். அந்த வீட்டின் பின்னாலும் மண்மேடுதான். போன மாதம் புது மெஷின் பூட்டக் கடைக்கு வந்தான். எத்தனை கோர் வேண்டும் என்று கேட்டேன்.

"எத்தனையாச்சும் போடுங்க. சத்தம் மட்டும் வேணாம்."

பூட்டிக் கொடுத்தேன். துண்டு வெட்டி ஓட்டும் வழியை மட்டும் சொல்லவில்லை. அன்று பெருமை பேசாமல் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஃபேன் கத்தியிருக்கும். பீலி நின்றது நிஷாந்தினிக்குக் கேட்டிருக்காது. மழை இருட்டும்போதெல்லாம் அவனுக்குக் கோல் எடுக்கிறேன். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால், முதலில் அதை நிறுத்தச் சொல்கிறேன்.