ஜவாத் நானாவும் முன் சக்கரத்து புஷ்ஷும்

ஜவாத் நானா போய்விட்டார். காலையில் அவருடைய மகன் ரிஸ்வான் போன் எடுத்துச் சொன்னான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எங்க வெச்சு?"

"ஊட்டுலதான் அங்கிள். சுபஹு தொழுதிட்டு வந்து கட்டில்ல சாஞ்சார்... எழும்பல்ல."

கட்டிலில். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு பெருமூச்சுதான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். நானாவைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

தெரியாதவர்களுக்கு... அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் இவர், சவூதியில் விமானம் திருத்தும் வேலை செய்துவிட்டு வந்து, முந்தலில் தன்னுடைய பழைய இறால் பண்ணை ஷெட்டில் சொந்தமாக ஒரு ப்ளேன் கட்டிய மனிதர். ஒற்றை சீட். "பெர்மிஷன் வந்தாப் பறப்பன்" என்பார். வராவிட்டாலும் பறந்துவிடுவார் என்று வீட்டில் பயம்.

நான் உடப்பில் போட் எஞ்சின் பார்க்கிறவன். என்னிடம் இறுக்கமான பாகங்களை அழுத்திப் பொருத்துகிற ஒரு சின்ன ப்ரெஸ் இருப்பதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். ப்ளேனைத் தரையில் ஓட்டிப் பார்த்தால் முன் சக்கரம் கடகடவென்று உதறுகிறதாம்.

ப்ரெஸ்ஸை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். கழற்றினால், சக்கரத்தின் கால் திரும்புகிற குழாய்க்குள் இருந்த பித்தளை வளையம், அதுதான் புஷ், தேய்ந்து, லூசான வளையல் மாதிரி ஆடியது.

சிலாபத்தில் புதிதாகக் கடைந்து எடுத்தோம். புஷ் எப்போதும் குழாயின் துளையை விட மயிரிழை பெரிதாக இருக்கும். அதை உறைய வைத்து, குழாயைச் சூடாக்கி, குளிர் விடுமுன் தள்ளிவிட வேண்டும். நானா வீட்டு ஃப்ரீசரில், அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

குழாய் சூடானதும், புஷ்ஷைக் கொண்டுவரச் சொல்லி நானா சத்தம் வைத்தார். மதினி, அதுதான் நானாவின் மனைவி, கொண்டுவந்து தந்தார். ப்ரெஸ்ஸால் தள்ளினோம்... பாதியில் நின்றுவிட்டது.

நானா புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்தார். "கழுவினீங்களா?"

"மீன் நாத்தம் அடிச்சிச்சு. சவுக்காரம் போட்டு சுடுதண்ணில நல்லாக் கழுவினன்."

நான் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நானா கோபப்படவில்லை. "சுத்தமான பொம்புள" என்று மட்டும் சொன்னார்.

பாதியில் நின்றதை அறுத்து எடுத்துவிட்டு, மறுபடி சிலாபத்துக்கு ஓட்டம். இரண்டாம் தரம் மதினி துணியில் சுற்றி ஓடிவந்து தந்தார். மீன் நாற்றத்தோடேயே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

புறப்படும்போது மதினி என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, இனி ஆடாதா? இவருக்கு ஒண்டு நடந்தா நான் ஒங்களத்தான் கேப்பன்."

"ஆடாது மதினி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு அந்த வீட்டு நம்பரை போனில் கண்டால், முதலில் "நானா எங்க?" என்றுதான் கேட்பேன்.

வற்றிய இறால் குளத்தில் நானா ப்ளேனை ஓட்டிப் பார்த்தார். நேராகப் போனது. திடீரென்று கடல் காற்று கிளம்பி, ப்ளேனை ஒரு முழம் தூக்கிவிட்டது... நான் தலையில் கை வைத்துவிட்டேன். தொம்மென்று முன் சக்கரத்திலேயே விழுந்து, ஆடாமல் ஓடி நின்றது.

இறங்கி வந்து, "கண்டீங்களா, பறந்தன்" என்றார்.

"ஒரு முழம் நானா."

"முழமும் பறப்புத்தான்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து குளத்துக்குள் ஓட்டுவார். பெர்மிஷன் கடைசி வரை வரவில்லை.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மையவாடியிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். மதினி, கணவன் இறந்தபின் வீட்டுக்குள் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பதால் நேரில் பார்க்க முடியாது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று ரிஸ்வானைக் கூப்பிட்டேன்.

"உம்மா நித்திர அங்கிள்" என்றான். "வாப்பா ப்ளேன் கட்டத் தொடங்கினதுல இருந்து, உம்மா இப்பிடி அசந்து நித்திர கொண்டு நான் கண்டதில்ல. எழுப்ப மனம் வரல்ல."

"எழுப்ப வேணாம்" என்றேன்.

நானா... கட்டிலில் போனதற்கு நன்றி. நல்லா உறங்குங்க.