உதடு ஒட்டும் மாதம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் அக்காள் மகள் கனிஷ்காவைப் பற்றி வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கனிஷ்கா சேலத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். அதில் அவளுக்கு உயிர் கருவளர்ச்சியியல்தான். ஒரே ஒரு செல் எப்படிக் கண்ணும் காலும் முகமுமாக மாறுகிறது என்கிற படிப்பு. நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிக்கும் பண்ணையிலிருந்து கருக்கூடிய முட்டைகளை வாங்கிவந்து, சூட்டில் வைத்து, ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி உள்ளே பார்ப்பார்கள். முதன்முதலாக அந்தத் துளி இதயம் துடித்ததைப் பார்த்த அன்று மெல்போர்னில் இருக்கும் எனக்குத்தான் போன் செய்தாள். வீட்டில் சொன்னதற்கு, "முட்டைய ஒடச்சுப் பாக்கறதுக்கா தெனமும் பஸ் ஏறிப் போற?" என்று அவள் அம்மா கேட்டாளாம்.

அந்த அம்மாதான் என் அக்காள் ஜானகி. வீடு எடப்பாடியில், வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. மகன் இளவழகன் தறியைப் பார்த்துக்கொள்கிறான். அவன் மனைவி பிரபாவுக்குத் தாய்வீட்டில் தலைப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. மேலுதட்டில் ஒரு பக்கம் பிளவு.

மூன்றாம் மாதம் புகுந்த வீட்டார் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர வேண்டும். அக்காள் போகவில்லை. பிறந்த அன்று எட்டிப் பார்த்ததோடு இளவழகனும் சரி. போனில் அக்காளின் குரலைக் கேட்டுக் கேட்டு மெல்போர்னில் எனக்குத் தூக்கம் கெட்டது. விடுப்புப் போட்டு ஓடிவந்தால், நான்காம் மாதம் நடக்கிறது. பிரபா இந்த வீட்டுக்குத் திரும்புவாளா என்பதே சந்தேகமாகிவிட்டது.

காரணம், கிரகணமாம். பிரபா ஏழு மாதக் கர்ப்பிணியாக இந்த வீட்டில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. தறியில் இழை அறுந்தது. பிரபா சின்னக் கத்தரியால் நுனியை நறுக்கி முடிந்து விட்டாள். அதனால் குழந்தையின் உதடு வெட்டுப்பட்டுவிட்டதாம். யாருடைய தறி? அவளைக் கூப்பிட்டு இழையை முடியச் சொன்னது யார்? இளவழகன். அவனோ செல்போனைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கனிஷ்காவால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, உதடு ஏழாம் மாசத்துல வர்றதில்லீங்க. ரெண்டாம் மாசம் முடியறதுக்குள்ளயே ஒட்டிரும். மூக்குக்குக் கீழ நடுவுல ஒரு துண்டு, கன்னத்துப் பக்கமிருந்து ரெண்டு துண்டு, நகந்து வந்து சேரும். உங்களுக்கும் எனக்கும் ஒரு காலத்துல பொளந்துதான் இருந்துச்சு. பாப்பாவுக்கு ஒரு பக்கம் சேரல, அவ்வளவுதான். கிரகணம் வந்தப்ப அதெல்லாம் முடிஞ்சு நாலஞ்சு மாசம் ஆயிருச்சு."

அக்காளின் கை சோற்றில் அப்படியே நின்றது. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

"ரெண்டாம் மாசமா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப அவ இங்க இல்லியே! மாரியம்மன் கோயில் நோம்பிக்குன்னு போயி அவுங்கம்மா ஊட்டுல உக்காந்துக்கிட்டா. அங்க என்னத்தத் தின்னாளோ, எங்க சுத்துனாளோ. டேய் இளவழகா, கேட்டயா? உந்தங்கச்சி படிச்சுப்போட்டுச் சொல்றா. நம்மூட்டுல ஒண்ணும் நடக்கல."

"நான் அதையா சொன்னேன்?" கனிஷ்கா எழுந்தே விட்டாள்.

"வேற என்னடி சொன்ன? சரி, எதுனால வந்துச்சு? உம்பட படிப்பு சொல்லட்டும்."

குழந்தையின் அப்பா வழியில் வந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அக்காள் வாயடைத்துப் போயிருப்பாள். சொல்லிவிடேன் என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாதுங்கம்மா. பல காரணம் சேந்து வரும். இந்தப் பாப்பாவுக்கு எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியாதாமா! இதுக்குத்தான் காலேஜா?"

கிரகணத்தைச் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெண்ணை மட்டும் ஆதாரம் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

மறுநாள் கனிஷ்காவும் நானும் பிரபாவின் தாய்வீடு இருக்கும் பனமரத்துப்பட்டிக்குப் போனோம், அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று. அக்காளின் போன் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிரபாவின் அம்மா முத்தாயம்மாள் வாசலிலேயே கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோம்பியன்னைக்கு அவளுக்குக் கெடாக்கறி போட்டேன் சாமி. அதுனாலயா?"

"இல்லீங்க அத்தை."

"ராட்டினத்துல ஏறோணும்னா. நாந்தான் ஏத்தி உட்டேன்."

"அதுனாலயும் இல்லீங்க அத்தை."

"வெயில்ல பூ மிதிக்கறதப் பாக்கக் கூட்டிட்டுப் போனேன்…"

இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிக்கொண்டே கனிஷ்கா அவரைத் திண்ணையில் உட்கார வைத்தாள். தான் சொன்ன ரெண்டாம் மாசம் இந்த அம்மாவை இப்படிப் போய்க் குத்தும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

பிரபா அழவில்லை. மடியில் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கெளம்புங்க அண்ணி, ஊட்டுக்குப் போலாம்."

"வர்ற செவ்வாக்கெழம சேலத்துல பாப்பாவுக்குத் தையல் போடறாங்க, கனி. உங்கண்ணன் அதுக்கு முன்னால வந்து புள்ளைய ஒருக்காத் தூக்கச் சொல்லு. இப்ப இருக்கற மொகத்தோட. வந்தாருன்னா அன்னைக்கே கூட வாரேன். தைச்சப்புறம்னா அவரு வரவே வேண்டாம்."

கனிஷ்கா அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு, பிரபா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் ஒப்பித்தாள். "அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான் அவன்.

சனி, ஞாயிறு, திங்கள் போயின. அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பிரபாதான் குழந்தையைச் சுமந்துகொண்டு போனாள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு கனிஷ்கா கூடவே இருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆப்பிள் பையோடு இளவழகன் வந்து நின்றான். "நல்லாத் தைச்சுட்டாங்களாமா?" என்று கேட்டான். சிரித்துக்கூட வைத்தான்.

கனிஷ்கா அறைக்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தைச்சுட்டாங்கண்ணா. நீங்க பாக்க வேண்டிய மொகம் நேத்தோட போயிருச்சு. பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."