உடுமலையில் நிறுத்திய கார்

கமலாத்தாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தேழாவது வயதில். கணவர் பொங்கியண்ணனுக்கு முழங்கால் தேய்ந்து, கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் முகம் கோணியது. வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். "விக்கறது எதுக்குங்க, நான் ஓட்டறேன்" என்று கமலாத்தாள் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அவள் கொழிஞ்சாம்பாறையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று, முதல் தடவை டெஸ்டில் வண்டியை எச் வடிவத்தில் ஓட்டிக் காட்டும்போது கம்பியைத் தட்டிவிட்டு, இரண்டாம் தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

அவர்கள் ஊரான எருத்தேம்பதியில் அதைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. பேசியது உடுமலையில் கட்டிக்கொடுத்திருந்த பொங்கியண்ணனின் அக்கா நாச்சாத்தாள் மட்டும்தான். கமலாத்தாள் அவரை நங்கையா என்று கூப்பிடுவாள். ஒரு சீர் நடந்த வீட்டில் நாலு பேர் கேட்கும்படி, "பொம்பள ஸ்டேரிங் புடிச்சா ஊடு வந்து சேர்ந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார். கமலாத்தாள் அப்போது சிரித்து வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகாமல் உள்ளேயே கிடந்தது.

மகள் கிருத்திகாவுக்குக் கேரள அரசின் பி.எஸ்.சி. தேர்வு மூலம் காந்தலூர்ப் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. போகும்போது தன்னுடைய இரண்டு கினிப் பன்றிகளையும் அம்மாவிடம் விட்டுப் போனாள். வெள்ளையாக இருந்தது பஞ்சு, கொள்ளு நிறத்தில் இருந்தது கொள்ளு. பெயரில்தான் பன்றி, பார்ப்பதற்கு வால் இல்லாத முயல்குட்டி போலத்தான் இருக்கும். பி.எட். படிக்கும்போது கிருத்திகா வாங்கி வந்தவை. பொங்கியண்ணன் அவற்றை எலி என்றே சொல்வார். கமலாத்தாளும் முதலில் அப்படித்தான் சொன்னாள். மகள் போனபின் புல் போடுவதும் கூண்டுக்குப் பேப்பர் மாற்றுவதும் அவள் வேலையாயிற்று. கொத்தமல்லிக் கட்டின் சரசரப்பு கேட்டால் போதும், இரண்டும் விசிலடிக்கும். கொள்ளுவுக்குத்தான் தொண்டை பெரிது. தோப்பிலிருந்து அவள் வரும் செருப்புச் சத்தத்துக்கே அது கத்த ஆரம்பித்துவிடும். யாருமில்லாத மத்தியானங்களில் அவள் அதோடு பேசவும் செய்தாள்.

கிருத்திகாவுக்கு வாடகை வீடு அமைந்ததும், "கொண்டாந்து விட்டர்றயா அம்மா, பஸ்ல முடியாது" என்று கேட்டாள். பங்குனி பிறந்திருந்த நேரம். பாலக்காட்டுப் பக்கம் வெயில் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "விடியறதுக்கு முன்னால கெளம்பீரு. ஏசிய அணைக்காத. வழியில எங்கயும் நிறுத்தாத, அதுக சூடு தாங்காது. மறையூர் ஏறீட்டா அப்புறம் பயமில்ல." கமலாத்தாள் சரி கண்ணு, சரி கண்ணு என்று கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடிதான் கிளம்பினாள். கூண்டைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். உள்ளே புல்லும் வெள்ளரித் துண்டும் இருந்தன. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. இவ்வளவு தூரம் அவள் தனியாக ஓட்டியதில்லை. லாரிகளை ஒதுங்கிப் போகவிட்டும், டிராக்டர்களை முந்தியும், வண்டி அவள் சொன்னபடி கேட்டது. பின்னால் கொள்ளு அவ்வப்போது குரல் கொடுத்தது. அவளும் "ஆச்சு சாமி, ஆச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

உடுமலை நெருங்க நெருங்க நங்கையாளின் ஞாபகம் வந்தது. வாசலில் காரை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

நங்கையா வீட்டு எதிரில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் நிறுத்தினாள். கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கிவிட்டாள். கொள்ளு மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்த்தது. "இதா வந்தர்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாச்சாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டார். காரைப் பார்த்தார், ஓட்டும் சீட்டைப் பார்த்தார். "தனியாவா வந்த?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கமலாத்தாள் வந்திருந்தாள். "ஆமாங்க நங்கையா. காந்தலூருக்குப் போறனுங்க, புள்ளையப் பாக்க."

"மலை வரைக்குமா? உள்ள வா, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அங்கே சொல்லியிருக்கலாம். வண்டியில் இரண்டு சின்ன ஜீவன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நங்கையா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். "எலியக் கொண்டுக்கிட்டா இத்தன தூரம் வந்த?" என்பார், மருமகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார். இத்தனை தூரம் ஓட்டி வந்த பெருமை அதோடு போய்விடும். கமலாத்தாள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

டீ வந்தது. பேரனின் படிப்பு, தக்காளி விலை, பொங்கியண்ணனின் முழங்கால் என்று பேச்சு போயிற்று. எழுந்தால், "இரு, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இட்லி வெந்து வருவதற்குள் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. நிழலில்தானே நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நங்கையாளின் மருமகள், "எப்பிடிங்க சின்னத்தே இவ்ளோ தூரம் ஓட்டறீங்க, எனக்கெல்லாம் ஸ்கூட்டியே பயம்" என்றபோது, கமலாத்தாள் அந்தப் பெருமையில் இன்னொரு இட்லியும் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. புங்கமர நிழல் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. கார் முழு வெயிலில் நின்றது. கைப்பிடி சுட்டது. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

அவள் திரும்பி நங்கையாளைப் பார்த்துக் கையசைத்தாள். அதை அவள் அப்புறம் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பின்சீட்டைப் பார்த்துவிட்டாள், கொள்ளு ஒருக்களித்துக் கிடந்ததும் தெரிந்துவிட்டது. அப்போதும் சிரித்த முகத்தோடு கையசைத்து, வண்டியை எடுத்து, தெரு திரும்பிய பிறகுதான் நிறுத்தினாள்.

கொள்ளுவின் வாயோரம் ஈரமாக இருந்தது. தூக்கினால் தலை தொங்கியது. பஞ்சு மூலையில் வயிறு துடிக்கப் படுத்திருந்தது. துண்டை நனைத்து அதன்மேல் போர்த்தி, காதில் தண்ணீர் தடவி, ஏசியை முழுக்க வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சுவுக்கு மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. கொள்ளுவுக்கு வரவில்லை. அதை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள்.

சின்னாறு செக்போஸ்டில் வனத்துறை ஆள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ரிஜின் என்று சட்டையில் பெயர் இருந்தது. "சேச்சி, இது எந்தா துண்டுல?" என்று மலையாளம் கலந்து கேட்டார். அவள் விரித்துக் காட்டினாள். "மகளோட வளர்ப்புங்க. வயசாயி வழியில செத்துருச்சு." அவர் அடடா என்று தலையாட்டிவிட்டுக் கம்பியைத் தூக்கினார். கேட்காத கேள்விக்குப் பொய் சொன்னதை நினைத்துக்கொண்டே அவள் மலை ஏறினாள். யானை நிற்கும் காடு, வளைவுகள், மறையூர் கரும்புக்காடு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

காந்தலூரில் குளிர்ந்த காற்று வீசியது. கிருத்திகா வாசலில் கொத்தமல்லியோடு காத்திருந்தாள். துண்டைப் பார்த்ததும் கொத்தமல்லியைத் திண்டில் வைத்துவிட்டாள்.

"மலையேறும்போது கண்ணு. வளைவுல ஒத்துக்கல போலிருக்குது" என்றாள் கமலாத்தாள்.

கிருத்திகா அழவில்லை. துண்டோடு அதை வாங்கிக்கொண்டு, "நாந்தாம்மா தப்புப் பண்ணீட்டேன். இந்த வெயில்ல கேட்டிருக்கக் கூடாது. லீவு உட்டப்புறம் நானே வந்து பக்கத்துல உக்காந்து கூட்டிட்டு வந்திருக்கோணும்" என்றாள். ஆப்பிள் மரத்தடியில் அவளே குழி தோண்டினாள். தோண்டும்போதும் அதையே சொன்னாள். கமலாத்தாள் பக்கத்தில் நின்றாள். மண்ணைத் தள்ளக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

பஞ்சு அன்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை. கிருத்திகா ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போதும், "எம்மேலதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள். கமலாத்தாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உடுமலையில நிறுத்தினேன் கண்ணு."

கிருத்திகா திரும்பினாள். கமலாத்தாள் ஒன்றையும் மறைக்கவில்லை. இட்லியையும் சொன்னாள், கையசைத்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தபின் கிருத்திகா கேட்டது ஒன்றுதான்.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா?"

கிருத்திகா கதவைச் சாத்தாமலே பள்ளிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கமலாத்தாள் உடுமலைக்குப் போன் போட்டு நங்கையாளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பார், இல்லை ஏசுவார் என்று நினைத்தாள். ஏசியிருந்தால் தேவலை. நாச்சாத்தாள், "ஏன் கமலா, சொல்லியிருந்தா ஊட்டுக்குள்ள ஆசாரத்துல ஃபேனுக்கடியில வெச்சிருப்பமே" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. போனை வைத்துவிட்டு கமலாத்தாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கிருத்திகா சாயங்காலம் வந்தாள். சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள். "நீ நாளைக்கே போக வேண்டாம். நான் ஸ்கூல் போயிட்டா பஞ்சுவப் பாத்துக்க ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னாள். கமலாத்தாள் அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தாள். தோட்டத்து ஓரத்தில் இளம்புல்லாகப் பார்த்துப் பிடுங்கி வந்து கையிலேயே நீட்டினாள். மூன்றாம் நாள் பஞ்சு ஒரு புல்லை இழுத்துக் கடித்தது. மகளிடம் சொல்ல வாசலுக்கு ஓடினாள். கிருத்திகா வந்து குனிந்து பார்த்தாள். இருவரும் கூண்டு முன்னால் உட்கார்ந்து அது தின்பதைப் பார்த்தார்கள். தோள் உரசியபோது கிருத்திகா நகர்ந்துகொள்ளவில்லை.

கினிப் பன்றி தனியாக இருந்தால் ஏங்கிவிடும் என்பதால், கிருத்திகா வகுப்பில் படிக்கும் ஜிஸ்மி வீட்டிலிருந்து ஒரு குட்டி வந்தது. அதற்குப் பெயர் வைக்கச் சொல்லி அம்மாவைத்தான் கேட்டாள். "நீயே வையி கண்ணு" என்றாள் கமலாத்தாள். அவளுக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் மலைக்குப் போய்வந்த கதை பரவிவிட்டது. பால் சொசைட்டியில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அத்தன வளைவும் நீங்களேவா ஓட்டீட்டுப் போனீங்க?" என்று கேட்டார்கள். "ஆமாங்" என்று சொல்லிவிட்டு, பால்கேனை எடுத்துக்கொண்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் அவள் நடந்துவிடுவாள்.