குடை பிடித்த பூசணிக் கன்றுகள்

கலியாணமான புதிதில் நல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாரி மழைக்குப் பயந்து, பூசணி விதைகளைப் பழைய பால்மா டின்களில் ஊன்றி அறைக்குள்ளேயே வைத்திருந்தேன். வெளிச்சம் போதாமல் அவை நூல் மாதிரி நீண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

"உதுகள் தப்பாது. எறிஞ்சுபோட்டு வேறை விதை போடும்" என்றார் என் கணவர்.

எனக்கு மனம் வரவில்லை. மழை விட்டதும் வேலியோரம் குழி தோண்டி எருப் போட்டு, அந்த நெட்டைத் தண்டுகளை விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் புதைத்தேன். மத்தியான வெயிலில் எல்லாம் சுருண்டு படுத்துவிட்டன. ஓடிப்போய் அவருடைய கறுப்புக் குடையை எடுத்துவந்து விரித்து, ஒரு தடியோடு கட்டி, கன்றுகளுக்கு மேலே நிறுத்தினேன்.

மறுநாள் கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்டவர் கேட்டார்: "என்ரை குடை எங்கை?"

"கன்றுகளுக்குப் பிடிச்சிருக்கிறன்."

"அப்ப நான் வெயிலுக்கை போறதோ?"

"உங்கடை தலையிலை மயிர் இருக்கு. அதுகளுக்கு என்ன இருக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெறுந்தலையோடு போனார். தெருவால் போனவர்கள், குடைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் குடையை எடுக்கவில்லை.

இரண்டு கன்றுகள் செத்துப்போயின. ஒருநாள் காலையில், வாயில் பற்பொடியோடு அவர் கத்தினார்: "இஞ்சை ஓடிவாரும்! புது இலை விட்டிருக்கு!"

சித்திரைக்குள் கொடி வேலி முழுக்கப் படர்ந்து, பூசணிக்கறி எங்கள் இருவருக்கும் அலுத்துப்போகும் அளவுக்குக் காய்த்தது.