பேரைச் சொல்லி வாங்குங்க

கூரியர் தொழில்ல, மெட்ராஸ்லேருந்து புதுப்பட்டினம் வர்றது பார்சலுக்குப் பெரிய விஷயமே இல்ல. புதுப்பட்டினத்துலேருந்து வூட்டு வாசலுக்குப் போறதுக்குள்ளதான் நமக்கு நாக்கு தள்ளிடும். பார்சல் வரும் வரும்னு காத்துகினு இருந்தவங்களுக்கும் இது தெரியும். நீங்க உள்ளேருந்து வாசலைப் பாத்தீங்க, நான் வெளியேருந்து வாசலைத் தேடினேன். பேஜாரு ரெண்டு பேருக்கும் ஒன்னுதான்.

எங்களுக்கு முதல்ல எஸ்.டி.டி. பூத்து. ஆளாளுக்கு செல்போன் வாங்கினதும் பூத்துல ஈ ஓட்டிகினு உக்காந்திருந்தோம். அப்போதான் எங்க வூட்டுக்காரரு அதே பூத்துலயே தன் பேர்ல கூரியர் ஏஜென்சி எடுத்தாரு. இன்டர்நெட்ல பொருள் வாங்கறது மெதுவா வந்துகினு இருந்த நேரம் அது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்ல புக்கு, கேமரான்னு வரவழைப்பாங்க. அமெரிக்காவுல கீற புள்ள அங்கேருந்தே கம்ப்யூட்டர்ல தட்டி அம்மாவுக்குப் புடவை அனுப்பும்.

ஒரு மழை நாள்ல சதுரங்கப்பட்டினம் திருப்பத்துல மொபெட் வழுக்கி அவரு காலை ஒடச்சிகினாரு. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வேற வழி? மொபெட்டை நான் எடுத்தேன். அதே வாரம் மெட்ராஸ் ஆபீஸ்லேருந்து மேனேஜர் போன் பண்ணாரு. உங்க லைன்ல திரும்பி வர்ற பார்சல் ஜாஸ்தி, பொங்கலுக்குள்ள கொறையலன்னா ஏஜென்சியைச் செங்கல்பட்டுல வேற ஒருத்தருக்கு மாத்திடுவோம்னு சொல்லிட்டாரு. பூத்து வருமானமும் போயி இதுவும் போனா அடுப்புல இன்னாத்த வெக்கறது?

இடிச்ச டேங்கு

முதல் வாரமே ஒரு மிக்ஸி வந்துச்சு. விலாசத்துல கதவு நம்பர் கெடையாது, தெரு பேரும் கெடையாது. 'தண்ணி டேங்கு எதிரில், புதுப்பட்டினம்' அவ்ளோதான். நான் பொறந்து வளந்தது திருக்கழுக்குன்றம் பக்கம், எனக்கு எந்த டேங்குன்னு தெரியல. ஊரைச் சுத்தினேன். டேங்கு மாதிரி எது தெரிஞ்சாலும் எதிர்ல போயி கேட்டேன். ஒருத்தரு வூட்டு மொட்டை மாடியில இருந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்கைக்கூட விடல.

கடைசியில மார்க்கெட் பின்னால ஒரு பெரியவரு தானா வந்து வழிமறிச்சாரு. கையில மிக்ஸி டப்பாவைப் பாத்துட்டாரு. அவருதுதான். "இங்க டேங்கே இல்லியே, சார்"னு கேட்டேன். அதை இடிச்சு ரொம்ப நாளாச்சாம், அந்த எடத்துல இப்போ ஆட்டோ ஸ்டாண்டாம். "அப்போ ஆட்டோ ஸ்டாண்டு எதிர்லன்னு போடக் கூடாதா?" எனக்குக் கோவம். மனுசன் நிதானமா கையெழுத்து போட்டாரு. "ஏம்மா, டேங்கைத்தானே இடிச்சாங்க, என் வூட்டு அட்ரஸையுமா இடிச்சாங்க?"

வெள்ளிக்கிழமை பார்சல்

கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்ல ஒரு மதுரைக்கார அம்மா. படிச்சவங்க, வூட்டுக்காரரு என்ஜினியரு. ரெண்டு வெள்ளிக்கிழமையா அவங்க பார்சலை எடுத்துகினு போறேன், ரெண்டு தபாவும் கதவு தொறக்கல. உள்ள மட்டும் குக்கர் விசில் அடிக்குது. இன்னொரு தபாவும் தொறக்கலன்னா அது ரிட்டர்ன். விடுவேனா? மூணாவது வெள்ளிக்கிழமை கதவைத் தட்டிட்டு, "அம்மா, நீங்க உள்ள கீறீங்க, எனக்குத் தெரியும்"னு சத்தமா சொன்னேன்.

கதவு தொறந்துச்சு. அந்தம்மா முகத்துல அசடு வழியுது. விஷயம் இன்னான்னா, நான் போற நேரமெல்லாம் ராகு காலம். புள்ள அனுப்பின புது லேப்டாப்பை அந்த நேரத்துல எப்படி வாங்கறது? வாங்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் கதவைத் தொறக்கல. பன்னெண்டு ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. வெயில்ல நிக்காத, உள்ள வா, காபி குடின்னாங்க. நானும் பார்சலோட காலைத் தூக்கி வெச்சேன், கையைக் காட்டித் தடுத்துட்டாங்க. "நீ வரலாம்மா, பார்சல்தான் வரக் கூடாது."

அன்னைக்கே காலண்டரைப் பாத்து என் ரவுண்டை மாத்தினேன். ராகு காலத்துல கடைக்கும் பேங்குக்கும் போறது, மத்த நேரத்துல வூடு. திரும்பிப் போற பார்சல் மடமடன்னு கொறைஞ்சிது. எப்படின்னு மேனேஜர் கேட்டாரு. சொன்னேன். "இதை நான் ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதுவேன்?"

மூணு ஏழுமலை

நல்லாதான் போய்கினு இருந்துச்சு, ஏழுமலை வர்ற வரைக்கும். சதுரங்கப்பட்டினம் மீனவர் தெருவுல ஏழுமலைங்க மூணு பேரு. ஒரு ஏழுமலைக்கு வந்த டார்ச் லைட்டை இன்னொரு ஏழுமலை வாங்கிப் பிரிச்சு, கடலுக்கும் எடுத்துகினு போயிட்டாரு. புகார் மெட்ராஸ் வரைக்கும் போச்சு. உடனே அங்கேருந்து ஒரு ரூல்: வாங்கறவங்க, பார்சல் யாரு பேருக்கு வந்திருக்கோ அந்தப் பேரைத் தன் வாயால சொல்லணும். சொன்னாத்தான் குடுக்கணும். நாம பேரை எடுத்துக் குடுக்கக் கூடாது.

ரூல் போட்டவருக்கு நம்ம ஊரு பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு தெரியாதா இன்னா? தெரியும். ஞாபகம் வரல போல. மத்தியானத்துல ஆம்பளைங்க எவன் வூட்டுல இருப்பான்? அடுத்த வாரம் மூணாவது ஏழுமலைக்கு, சிங்கப்பூர்ல கீற புள்ள இன்டர்நெட்ல பாத்து அனுப்பின செல்போன் வந்துச்சு. வாசல்ல அவரு சம்சாரம் கருவாடு காய வெச்சிகினு இருந்தாங்க. பேரு சொல்லுங்கன்னேன். வெக்கப்பட்டு ஏழு வெரலை விரிச்சாங்க. அப்புறம் திருப்பதி பக்கமா ஒரு கும்பிடு போட்டாங்க. எனக்குப் புரியாமயா? ஆனா ஏஜென்சி ஊசலாடிகினு கீது, ரூலை மீற பயம். பக்கத்துப் பெட்டிக்கடை போன்லேருந்து மேனேஜருக்கு போன் போட்டேன். "வாயால சொல்லணும்மா, வெரலால இல்ல."

பார்சல் மெட்ராஸுக்குத் திரும்பிப் போச்சு. அது மட்டுமில்ல, அந்த வாரம் தெருவுக்கு ஒன்னு ரெண்டு அதே மாதிரி திரும்பிச்சு. ராகு காலத்துல மிச்சம் புடிச்சதெல்லாம் இதுல போச்சு. ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

மேனேஜர் வந்தாரு

பொங்கல் நெருங்கறப்போ மேனேஜரே கெளம்பி வந்துட்டாரு. சின்ன வயசு, கழுத்துல டை, நல்ல மனுசன்தான். கருவாட்டுக்கார அம்மாவோட செல்போன் மறுபடி வந்திருந்துச்சு. "நானே கேக்கறேன், பாருங்க"ன்னு முன்னால போனாரு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க, நான் கடலைப் பாத்தேன்.

"அம்மா, வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க. சொன்னா உடனே குடுத்துடறேன்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, நைனா?"

"ஆச்சும்மா."

"உன் பொண்டாட்டி உன்னை இன்னான்னு கூப்புடுது?"

மேனேஜர் டையைத் தளத்தினாரு. பொய் சொல்ல வரல பாவம். "ஏங்கன்னுதான்."

அந்தம்மா கருவாட்டுக் கையைப் புடவையில தொடச்சிட்டு பார்சலுக்கு நீட்டினாங்க. "அப்போ என் வூட்டுக்காரருக்கும் 'ஏங்க'ன்னே எழுதிக்க."

ஒரு தபா

பார்சலைக் குடுத்துட்டு பூத்துக்குத் திரும்பி வந்ததும் மேனேஜரே ஆபீசுக்கு போன் போட்டாரு. இந்த லைனுக்கு அந்த ரூல் வேணாம், நாம பேரும் ஊரும் அப்பா பேரும் சொல்வோம், அவங்க தலையாட்டட்டும்னு சொன்னாரு. ஏஜென்சி இங்கயே இருக்கட்டும்னும் சொன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் ரிசீவரை என்கிட்ட நீட்டினாரு. உறுதிப்படுத்த ஏஜென்சியிலேருந்து ஒருத்தர் பேசணுமாம். பூத்துக்குப் பின்னாலயேதான் எங்க வூடு, ஆனா எங்க வூட்டுக்காரரு உள் ரூம் கட்டில்ல கீறாரு, போன் ஒயர் அவ்ளோ தூரம் எட்டாது.

அந்தப் பக்கம் ஒரு பொண்ணு குரல். "ஏஜென்ட் பேரு சொல்லுங்க மேடம்." மேனேஜரைப் பாத்தேன், அவரு நாகரிகமா ரோட்டைப் பாக்கப் போயிட்டாரு. "எங்க வூட்டுக்காரருதாம்மா"ன்னேன். "பேரு மேடம்? பேரு இல்லாம கன்ஃபர்ம் பண்ண முடியாது." ஏழு வெரலைக் காட்டலாம்னா அது போனு. அவரு பேருல ஏழும் இல்ல, மலையும் இல்ல. கண்ணை மூடிகினு, கல்யாணம் ஆனதுலேருந்து மொத தபா, அவரு பேரை முழுசா சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே வந்துடுச்சு. இங்க எழுதச் சொல்லாதீங்க, ஒரு தபா சொன்னதே போதும்.

"தேங்க்யூ மேடம், கன்ஃபர்ம்டு"ன்னு வெச்சிட்டா அந்தப் பொண்ணு. உள் ரூம்ல கட்டில் கிரீச்சுனு சத்தம் போட்டுது. அப்புறம் அவரு குரல் வந்துச்சு. "சரியா கேக்கல, இன்னொரு தபா சொல்லு."

ஏஜென்சி தங்கிச்சு, காலும் கூடிச்சு, ரூலும் ஒழிஞ்சுது. காலையில காபி டம்ளரை நீட்டினா மட்டும், பேரைச் சொன்னாத்தான் வாங்குவேன்னு அந்த மனுசன் இன்னிக்கும் ரூல் பேசிகினு கீறாரு.