சிவப்பு வயரும் கறுப்பு வயரும்

நான் அடித்த முதல் அடியிலேயே அவருடைய உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி அலுமாரியோடு சரிந்தார். அவர் கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர்.

அதற்கு முதல் நாள் கரண்ட் போனபோது எங்கள் வீட்டு யூபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முழுவதும் அழிந்துபோனது. யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரியை அந்தக் கடையில்தான் வாங்கியிருந்தேன்.

"பெட்டியைக் கொண்டு வாங்கோ அண்ணை, நான் மாத்தித் தாறன்," என்று, நான் பற்றரி விசாரித்தபோதே அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். யுத்த காலத்தில் உழவு இயந்திரப் பற்றரியில் ரேடியோ கேட்டவன் நான். எனக்கு இவர் என்ன சொல்லித் தருவது என்று வீட்டில் நானே மாட்டினேன்.

வாயில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவர் நாங்கள் கொண்டுபோன பெட்டியைத் திறந்தார். சிவப்பு வயர் கறுப்பு வயரின் இடத்தில் இருந்தது, கறுப்பு சிவப்பின் இடத்தில். நான் மாட்டியது அப்படித்தான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் அழுதுகொண்டு நின்ற மகளைப் பார்த்தார். பெட்டியை அவளுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்து, வயர்களை மாற்றினார், எரிந்த பியூஸையும் மாற்றினார்.

"எங்கட பிழைதான் தங்கச்சி. அப்பாவில குறையில்லை," என்றார்.

மோட்டார் சைக்கிளில் அக்கராயனுக்குத் திரும்பும்போது மகள், "நீங்கள் அடிச்சது சரிதான் அப்பா," என்றாள்.

"ஓம்," என்றேன்.

இன்றுவரை அவளுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நான் கொடுத்த அடிகளில் அந்த 'ஓம்'தான் பலமானது.